எடைக்குப் போன ஏடுகள்

ஒரு மனிதர் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபின் அவருடைய நிலம் பங்கு வைக்கப்படுகிறது. வீடு பங்கு வைக்கப்படுகிறது. நகைகளும் பாத்திரங்களும்கூட எண்ணிப் பிரிக்கப்படுகின்றன. வாரிசுரிமைச் சட்டம் பயின்றவன் என்ற முறையில் பல இல்லங்களில் இத்தகைய பாகப்பிரிவினைகளுக்கு அழைக்கப்பட்டு நான் சென்றிருக்கின்றேன். ஆனால் எவரும் பங்கு கேட்டு வாதாடாத பொருள் ஒன்று உண்டு. அது மறைந்தவர் படித்த புத்தகங்கள். எல்லாம் முடிந்தபின் அவை பரணிலிருந்து இறக்கப்பட்டு, சணல் கயிற்றால் கட்டப்பட்டு, பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறிவிடுகின்றன.

அந்தத் தராசுக்கும் காகித ஆலையின் கூழ்த் தொட்டிக்கும் இடையே ஒரு மனிதர் நிற்கின்றார். அவரே பழைய புத்தக வியாபாரி. அவரைப் பற்றி நாம் சிந்திப்பதே இல்லை. அவரால் எனக்கு நேர்ந்த நன்மையையும், அதற்கு முன் என்னால் நேர்ந்த பிழையையும் எடுத்துரைப்பது பயனுடையது என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

திருவண்ணாமலை ஒரு கோயில் நகரம். பௌர்ணமி இரவுகளில் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோ மீட்டர் பாதையில் இலட்சக்கணக்கான மக்கள் நடந்து செல்வர். அந்த இரவுகளில் வளையலும் பொரிகடலையும் விற்போருக்கிடையே, ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் பழைய புத்தகங்களைப் பரப்பி அமர்ந்திருப்பார் ஒரு பெரியவர். மற்ற நாட்களில் பெரிய கோயிலுக்கு அருகிலுள்ள சந்து ஒன்றில், ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய சிறு கடை அவருக்கு உண்டு. விளம்பரத்தை விரும்பாதவர் ஆதலின் அவர் பெயரை நான் குறிப்பிடவில்லை.

அந்தக் கடையில் தேவாரப் பதிப்பும் திருக்குர்ஆன் தமிழாக்கமும் பைபிளும் அருகருகே இருக்கும். இரமணாசிரமத்திற்கு வரும் வெளிநாட்டவர், ஊர் திரும்பும்போது சுமையைக் குறைப்பதற்காக விட்டுச் செல்லும் ஆங்கில, ஜெர்மானிய நூல்கள் ஒரு பக்கம். பள்ளிப் பாட நூல்களும் போட்டித் தேர்வு நூல்களும் இன்னொரு பக்கம். "வாடகை கொடுப்பது இந்தப் பக்கம் பாய், நான் உயிர் வாழ்வது அந்தப் பக்கத்தால்" என்று ஒருமுறை அவர் கூறினார்.

மூர் மார்க்கெட்டில் பயின்ற பாடம்

அவர் இத்தொழிலைக் கற்றது சென்னை மூர் மார்க்கெட்டில். இளமையில் அங்கு ஒரு புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, கட்டுப் பிரிப்பது முதல் விலை மதிப்பது வரை அனைத்தையும் அங்கேயே பயின்றார்.

1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடத்தைக் கண்ட தலைமுறையினர் இன்று முதியவர்களாகிவிட்டனர். கிராமபோன் தட்டுகளும் பழம்பொருள்களும் பறவைகளும் விற்ற அந்த அங்காடியில் பழைய புத்தகக் கடைகளே தமிழறிஞர்களுக்குப் புகலிடமாக விளங்கின. பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்காத நூல் அங்கு நடைபாதையில் கிடைக்கும் என்பது அக்காலத்தவர் அனுபவம்.

அங்கு வந்து நூல் வாங்கியவர்களுள் ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. அவர் பெரும் செல்வரல்லர், பேராசிரியருமல்லர். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று பிறர் குப்பையெனக் கருதியவற்றையும் அவர் சேர்த்து வைத்தார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது அச்சேகரம் ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளாகப் பெருகியிருந்தது. அதனைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கித் தமிழகத்திலேயே வைத்துப் பேண முன்வந்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஓர் ஓவியரின் ஆர்வமும், அவருக்காக நூல்களை எடுத்து வைத்த நடைபாதை வியாபாரிகளின் உழைப்பும் சேர்ந்தே அந்நூலகத்திற்கு அடித்தளம் இட்டன. நூலகத்தின் சுவரில் ஓவியரின் பெயர் உள்ளது. வியாபாரிகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

1985ஆம் ஆண்டு மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. பிற்காலத்தில் அவ்விடத்தில் சென்ட்ரல் புறநகர் இரயில் நிலைய வளாகம் எழுந்தது. வியாபாரிகள் அல்லிக்குளத்துக் கட்டடத்திற்கும் நகரின் நடைபாதைகளுக்கும் சிதறினர். நம் பெரியவர் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களுடன் சொந்த ஊர் திரும்பினார். அவை தீயில் அகப்படாமல் அவர் தங்கியிருந்த அறையில் கிடந்தவை. அந்தப் பெட்டியே அவருடைய மூலதனம்.

வர்ராக்குகளின் வழித்தோன்றல்

இப்பெரியவரின் கடையில் அமர்ந்திருக்கும் போதெல்லாம், மதரஸாவில் நாங்கள் பயின்ற அரபு இலக்கிய வரலாற்றில் வரும் 'வர்ராக்' என்ற சொல் என் நினைவுக்கு வரும். காகிதம் விற்பவர், நூல்களைப் படியெடுப்பவர், கட்டடம் செய்பவர், விற்பவர் ஆகிய நால்வரும் ஒருவராய் அமைந்தவரே வர்ராக் எனப்பட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த யஃகூபி என்ற வரலாற்றாசிரியர், பக்தாத் நகரின் ஒரு பகுதியில் மட்டும் நூறுக்கு மேற்பட்ட வர்ராக்குகளின் கடைகள் இருந்தன என்று எழுதியுள்ளார்.

பேரறிஞர் ஜாஹிழ் அக்கடைகளை இரவில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே தங்கி விடியும்வரை படிப்பார் என்று கூறப்படுகிறது. வாங்குவதற்குப் பொருள் இல்லாதவரும் கற்க முடிந்தது. கடையே அவருக்குக் கல்லூரியாயிற்று.

இந்தச் செய்தியை நமக்கு அறிவித்தவரும் ஒரு புத்தக வியாபாரியே. பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம், தந்தையைப் போலவே தாமும் வர்ராக் தொழில் செய்தவர். ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூலை அவர் தொகுத்தார். அரபு மொழியில் தமக்குத் தெரியவந்த நூல்கள் அனைத்தையும், அவற்றை எழுதியோரையும் பத்துப் பகுதிகளில் வரிசைப்படுத்திய பட்டியல் அது. யூதர், கிறிஸ்தவர், மானியர் ஆகியோரின் நூல்களும், இந்திய நாட்டுச் சமயங்களைப் பற்றிய செய்திகளும் அதில் இடம் பெற்றன. தம் சமயத்தார் அல்லாதவர் நூல் என்று அவர் எதனையும் ஒதுக்கவில்லை.

அதில் ஒரு நுட்பம் உண்டு. கவிஞர்களின் தொகுப்புகளைக் கூறுமிடத்து, ஒவ்வொன்றும் எத்தனை ஏடுகள் கொண்டது என்பதையும் அவர் குறிக்கின்றார். ஏடு என்றால் எந்த அளவு, ஒரு பக்கத்திற்கு எத்தனை வரி என்பதையும் விளக்குகின்றார். தம் கைக்கு வரும் பிரதி முழுமையானதா குறைவுபட்டதா என்று வாசகன் அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நம் திருவண்ணாமலைப் பெரியவர் இப்னு நதீமின் பெயரைக் கேட்டவரல்லர். ஆயினும் ஒரு நூல் அவர் கைக்கு வந்தால் முதலில் பக்க எண்களைத் தொடக்கம் முதல் இறுதிவரை சரிபார்க்கின்றார். ஒரு பக்கம் குறைந்தாலும் முதல் தாளில் பென்சிலால், 'பக்கம் 65 முதல் 80 வரை இல்லை' என்று எழுதிவிடுகின்றார். விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்று நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். அவர் அதனைப் பென்சிலால் செய்து வருகின்றார்.

யாகூத் ஹமவியின் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. ரோம நாட்டு வழியினராகிய அவர் சிறுவயதில் சிறைப்பட்டு, பக்தாதில் ஒரு வணிகருக்கு அடிமையாக விற்கப்பட்டவர். விடுதலை பெற்றபின் நூல்களைப் படியெடுத்தும் விற்றும் பிழைத்தார். மர்வு நகர நூலகங்களிலிருந்து ஒரே நேரத்தில் இருநூறு நூல்கள்வரை, பெரும்பாலும் பிணைத்தொகை எதுவுமின்றி, தமக்கு இரவலாகக் கிடைத்ததை அவர் நன்றியுடன் நினைவு கூர்கின்றார். மங்கோலியர் படையெடுப்பில் அந்நகரும் நூலகங்களும் அழிந்தன. உயிர் தப்பி ஓடிய யாகூத் தம் குறிப்புகளைக் கொண்டு 'முஃஜமுல் புல்தான்' என்ற மாபெரும் புவியியல் அகராதியை உருவாக்கினார். எரிந்துபோன நூல்களின் செய்தி ஒரு புத்தக வியாபாரியின் குறிப்பில் எஞ்சியது.

எட்டுப் பாடல்கள் மட்டும்

நூல் அழிவு என்பது பக்தாதிலும் மர்வுவிலும் மட்டும் நிகழ்ந்ததன்று. முஸ்லிம்கள் தமிழில் இயற்றிய நூல்களுள் மிகத் தொன்மையானது எனக் கருதப்படும் 'பல்சந்தமாலை' இன்று நம்மிடம் முழுமையாக இல்லை. களவியற் காரிகையின் உரையில் மேற்கோளாக எடுத்தாளப்பட்ட எட்டுப் பாடல்கள் மட்டுமே நமக்கு எஞ்சின. உரையாசிரியர் ஒருவர் மேற்கோள் காட்டாதிருந்தால் அப்பெயரும் நமக்குத் தெரிந்திருக்காது. அந்நூலின் கடைசிப் பிரதி எந்த வீட்டுப் பரணில் செல்லரித்ததோ, எந்த வெள்ளத்தில் போயிற்றோ!

அரபுத் தமிழ் நூல்களின் நிலை அதனினும் வருந்தத்தக்கது. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே குறிகளைச் சேர்த்து நம் முன்னோர் ஓர் எழுத்து முறையை அமைத்தனர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற சட்ட நூல்களும், மருத்துவ நூல்களும், பெண்கள் ஓதிய பாடல்களும் அவ்வெழுத்தில் பெருகின. தமிழகத்திலும் இலங்கையிலும் அவற்றைப் படிக்காத முஸ்லிம் இல்லம் அரிது என்னும் காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களே அருகிவிட்டனர். அரபு தெரிந்த பிள்ளைக்கு அது அரபாகப் புரிவதில்லை. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அது தமிழ் என்பதே தெரிவதில்லை. ஆகவே தாத்தாவின் நூலைப் பேரன் எந்த மொழி என்றறியாமலேயே எடைக்குப் போடுகின்றான்.

பேரன் என்று பொதுவாக எழுதினேன். அந்தப் பேரன் நானே.

என் பிழை

என் பாட்டனார் கடற்கரைப் பகுதியிலிருந்து வணிகத்தின் பொருட்டு இப்பகுதிக்கு வந்து குடியேறியவர். 2011ஆம் ஆண்டு என் தந்தையார் வஃபாத்தானபின் பழைய வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. பரணில் இரண்டு பெட்டிப் புத்தகங்கள் இருந்தன. எனக்கோ மறுநாள் வெளியூரில் சொற்பொழிவு. கல்வியின் சிறப்பு என்பதே தலைப்பு என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பெட்டிகளைத் திறந்து பார்க்கவும் நேரம் ஒதுக்காமல், "இராமபாணம் அரித்தவை, போட்டுவிடுங்கள்" என்று கூறிவிட்டுப் புறப்பட்டேன்.

ஐந்தாண்டுகள் கழிந்து, 2016இல் ஒரு நாள், அகராதி ஒன்றைத் தேடிப் பெரியவரின் கடைக்கு முதன்முறையாகச் சென்றேன். என் தலைப்பாகையைக் கண்டதும் அவர் எழுந்து, மேல் தட்டிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"வாருங்கள் பாய். இது என்ன புத்தகம் என்று சொல்லுங்கள். உங்கள் வேதமாக இருக்குமோ என்று பயந்து காலடியில் படாமல் மேலே வைத்திருக்கிறேன். எத்தனையோ பேரிடம் காட்டிவிட்டேன். அரபு மாதிரி இருக்கிறது, ஆனால் அரபு இல்லை என்கிறார்கள்."

பிரித்தேன். 'ஃபத்ஹுத் தய்யான்'. கடைசி வெற்றுத் தாளில் கறுத்த மையில், என் பாட்டனாரின் கையெழுத்தில், அவருடைய ஆறு பிள்ளைகளின் பெயர்களும் அவர்கள் பிறந்த ஹிஜ்ரி நாளும் கிழமையும் எழுதப்பட்டிருந்தன. நான்காவது பெயர் என் தந்தையாருடையது. பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதி உத்தேசமாக எழுதப்பட்டது என்று அவர் பலமுறை கூறியதுண்டு. தாம் பிறந்த நாள் எதுவென்று அறியாமலேயே அவர் மறைந்தார். அவர் தலைக்கு மேலிருந்த பரணிலேயே அது இருந்திருக்கிறது.

"என்ன விலை ஐயா?" என்று கேட்டேன்.

"எடைக்கு வாங்கியதுதான். என்ன புத்தகம் என்று தெரியாதபோது நான் எப்படி விலை சொல்வது? நீங்களே ஐம்பது ரூபாய் கொடுங்கள்" என்றார்.

வாசக நேயர்களே! அந்தக் கணத்தில் என் உள்ளம் என்ன சொன்னது என்பதை மறைக்காமல் எழுதுகின்றேன். ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் வெளியேறிவிடு என்றது. விற்பவர் இசைந்து விலை கூறிவிட்டார், வாங்குபவன் கொடுக்கின்றான், சட்டப்படி இதில் என்ன குற்றம் என்று வாதமும் செய்தது. கற்றவனின் மனம் தனக்குச் சாதகமாகச் சட்டம் பேசுவதில் மிகவும் வல்லது.

அப்போது ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பற்றி ஹதீஸ் நூல்களில் வரும் செய்தி நினைவுக்கு வந்து என்னைத் தடுத்தது. அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரையை விலை பேசி, பணம் பெற்றுக்கொள்ள உரிமையாளரையும் அழைத்து வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி) அவர்கள், "இது அதைவிட உயர்ந்ததாயிற்றே" என்று கூறி, விலையைப் படிப்படியாகத் தாமே உயர்த்தி, 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். பிறருக்கு நலம் நாடுவேன் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் தாம் அளித்த வாக்குறுதியே அதற்குக் காரணம் என்றார்கள். பொருளின் மதிப்பை அறியாத வியாபாரியிடம் அறிந்தவன் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு எதற்கு?

நான் அமர்ந்து அனைத்தையும் கூறினேன். நூல் இன்னது, ஆசிரியர் இன்னார், இதனைத் தேடுவோர் எவ்வளவு கொடுப்பர், இந்தக் கையெழுத்து யாருடையது, இதனை எடைக்குப் போட்டவன் யார் என்பது வரை ஒன்றையும் மறைக்கவில்லை. பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் ஐந்நூறு கொடுங்கள் பாய். எனக்கும் வாடகை இருக்கிறது" என்றார். கொடுத்தேன். அவர் அதனை மறுக்காமல் வாங்கிக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. இலவசமாகக் கொடுத்திருந்தால் என் வெட்கம் இருமடங்காகியிருக்கும்.

பின்னர் அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். பழைய நூல்களுக்குள் அகப்பட்ட கடிதங்கள், புகைப்படங்கள், ரூபாய் நோட்டுகள், ஒரு தாலிப் பொட்டுகூட அதில் இருந்தன. ஒவ்வொன்றும் எந்த நூலில், எந்தக் கடைக் கட்டில் கிடைத்தது என்று சீட்டெழுதி வைத்திருந்தார். உரியவர் வந்தால் கொடுப்பதற்காம். புத்தகத்துக்குத்தான் தாம் காசு கொடுத்ததாகவும், உள்ளே இருந்ததற்குக் கொடுக்கவில்லை என்றும் அவர் கூறிய விளக்கத்தை, கண்டெடுத்த பொருள் பற்றிய சட்டப் பாடத்தில் சேர்த்தாலும் தகும். அந்தப் பெட்டியிலிருந்து, அதே நூலில் இருந்ததாக, என் தந்தையார் பாட்டனாருக்கு எழுதிய அஞ்சலட்டை ஒன்றையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"ஓர் உதவி செய்வீர்களா? இதே எழுத்தில் இன்னும் சில புத்தகங்கள் மேலே இருக்கின்றன. அவை என்னவென்று தெரிந்தால் உரியவர் கையில் சேர்ப்பேன்" என்றார்.

அன்று தொடங்கிய பணி, வாரந்தோறும் வியாழன் மாலையில் நடந்தது. நான் படித்துச் சொல்லச் சொல்ல, பெயர், ஆசிரியர், அச்சிட்ட ஊர், பக்கக் குறை ஆகியவற்றை அவர் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொண்டார். 27 நூல்கள் ஆயின. அவற்றுள் சில ஆய்வு மாணவர்களிடமும், சில மதரஸா நூலகங்களுக்கும், இரண்டு அவற்றை எழுதியோரின் வழிவந்தோரிடமும் சேர்ந்தன. இப்னு நதீமின் ஃபிஹ்ரிஸ்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், ஒரு கோயில் நகரத்துச் சந்தில் எழுதப்பட்ட சிறு ஃபிஹ்ரிஸ்த் என்றே அந்த நோட்டை நான் எண்ணுகின்றேன். இன்று பெரியவருக்கு முதுமை மேலிட்டதால் கடை பாதி நாள் மட்டுமே திறந்திருக்கின்றது.

நாம் செய்யத்தக்கவை

இதனைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் இல்லத்துப் பரணை ஒருமுறை பார்க்க வேண்டும். அரபு எழுத்திலுள்ளவை அனைத்தும் அரபு மொழி என்று கொள்ளாமல், படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். முகப்புத் தாளையும் கடைசித் தாளையும் கட்டாயம் புரட்ட வேண்டும். முன்னோர் குடும்பச் செய்திகளை எழுதி வைத்தது பெரும்பாலும் அங்கேதான். ஏடு நைந்திருப்பின் ஒட்டுத்தாள் கொண்டு ஒட்டாமல், தொழில் தெரிந்த பைண்டரிடம் கொடுக்க வேண்டும். பூச்சி அணுகாமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்க்கும் முறையை அவர்கள் அறிவர். கைப்பேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைப்பது இன்று சிறுவர்களாலும் இயலும். வைத்துப் பேண இயலாதவர்கள் நூலகத்திற்குக் கொடுக்கலாம். அதுவும் இயலாதெனின், பேப்பர் கடைக்குப் போகுமுன் பழைய புத்தக வியாபாரி ஒருவரையேனும் அழைத்துக் காட்டுங்கள்.

அவர் பேரம் பேசுவார், குறைத்துக் கேட்பார். அதற்காக அவரை இகழ வேண்டாம். நாம் தூக்கியெறிந்ததைத் துணியில் சுற்றி, தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தாயிற்றே என்று அஞ்சி, காலடியில் படாமல் ஐந்தாண்டுகள் காத்தவர் அவர். அமானிதம் என்ற சொல்லை நான் நூல்களில் படித்தேன். அதன் பொருளை அவருடைய மேல் தட்டில் கண்டேன்.

என் தந்தையார் பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை என்று பாட்டனார் எழுதியிருக்கின்றார். அந்தத் தாளை என் பிள்ளைகளுக்கு நான் படித்துக் காட்டிவிட்டேன். அந்த எழுத்தை இப்போது அவர்களும் கற்று வருகின்றனர்.